நீவெஸ் ஓட்டிப் பார்த்த கார்

இத்தாலியில் லூகோ என்ற ஊரில் ஃபுல்வியோவின் கார் கடைக்குள் யார் நுழைந்தாலும் விற்பனை மேசையில் இருக்கும் நீவெஸ் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"இப்போ ஓட்டுற கார்ல சீட்டுக்கு அடியில என்ன கிடக்கு?"

வந்தவர்கள் திகைப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒரு பாதிரியார் முகம் சிவந்து, அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் நீவெஸ் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதில் வரும்வரை விலையும் சொல்ல மாட்டார், சாவியையும் எடுக்க மாட்டார்.

நான் அதே கடையின் பின்புறப் பட்டறையில் மெக்கானிக். பெயர் லோரிஸ். இருபத்தைந்து வருஷம் அந்த அக்காவோடு வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே ஒரு பீச் பழத்தோட்டத்தில் வளர்ந்த நீவெஸ், இருபத்தாறு வயதில் எங்கள் கடைக்குக் கார் கழுவத்தான் வந்தார். புதுக் கார் வாங்குகிறவர்கள் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைத் துடைத்து, தூசியை உறிஞ்சி, மணக்க வைப்பது அவர் வேலை. எட்டு வருஷம் அதையே செய்தார். சீட்டுக்கு அடியில் பிஸ்கட் தூள், தூண்டில் முள், நாய் முடி, ஒற்றைச் செருப்பு, முறிந்த வயலின் வில் என்று எல்லாம் கிடைக்கும். இரண்டே பேர் உட்காரும் பகட்டான காரில் குழந்தையின் சூப்பானைக் கண்டெடுத்த அன்று, "பாவம், இவன் இந்த வண்டியை ஏன் குடுத்தான்னு இப்போ புரியுது" என்றார். மலை ஏறுகிற பெரிய வண்டி ஒன்றில் மூன்று மாதத்து பஸ் டிக்கெட்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வண்டியை நிறுத்த இடம் கிடைக்காத மனிதர் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

ஒருநாள் விற்பனையாளருக்குக் காய்ச்சல். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்து நின்றார். நீவெஸ் ரப்பர் பூட்ஸில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பத்து நிமிஷம் பேசினார். ஆசிரியை கேட்டு வந்த காரை விட்டுவிட்டு, அவருக்குப் பொருந்திய வேறொரு காரை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் முதலாளி ஃபுல்வியோ ஒரு மேசையைத் தானே இழுத்து வந்து சன்னலோரம் போட்டார். அதற்குப் பிறகு நீவெஸ் கார் கழுவவில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பெரிய தலைவலியாக வந்து சேர்ந்தது அந்தச் சின்னக் கார். உருண்டை முகம், உருண்டை விளக்கு, குட்டி வால். பார்த்தவுடன் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். ஊரில் எல்லோரும் அதைக் கொண்டைக்கடலை என்றே அழைத்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் பத்துப் பேரில் ஏழு பேர் நேராக அதன் முன்னால் போய் நின்று விடுவார்கள். அந்த ஏழில் மூன்று பேரையாவது நீவெஸ் திருப்பி அனுப்பவேண்டி இருந்தது.

ரொட்டிக் கடை ஒரெஸ்தே வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூற்றிருபது கிலோ மனிதர். காரைப் பார்த்து உருகிப் போய் நின்றார்.

"உள்ள உக்காருங்க ஒரெஸ்தே" என்றார் நீவெஸ். "பெல்ட் போடுங்க. இறங்குங்க. திரும்ப ஏறுங்க."

மூன்றாவது தடவை இறங்கும்போது ஒரெஸ்தே கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏம்மா, நீ கார் விக்கிறியா, இல்ல எனக்கு உடம்பு இளைக்க வைத்தியம் பண்றியா?"

"ஒரு நாளைக்கு எத்தனை கடைக்கு ரொட்டி போடுறீங்க?"

"பதினொண்ணு."

"அப்போ பதினொரு தடவை ஏறணும், பதினொரு தடவை இறங்கணும். கூடையும் பின்னாடி ரெண்டுதான் போகும். இது உங்களுக்கு வேண்டாம்."

"ஆனா அழகா இருக்கே!"

"அழகாத்தான் இருக்கு. தினமும் வந்து சன்னல் வழியா பாத்துட்டுப் போங்க. யாரு வேணாம்னது?"

கண்ணாடி அறைக்குள் இருந்த ஃபுல்வியோ இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் ஒரெஸ்தேயின் மனைவி இர்மா வந்தார். கணவரில் பாதி எடைகூட இல்லாதவர். சீட்டுக்கு அடியில் என்ன கிடக்கு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, அவரு என்னைக் காரைத் தொடவே விடறதில்லை" என்றார். வெள்ளை நிறத்தில் ஒன்று அவருக்குப் போனது. ஒரெஸ்தே ஞாயிறுதோறும் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, பக்கத்தில் நின்று ரசித்துவிட்டுத் தன் வேனில் ஏறிப் போவார்.

இப்படி இருக்கையில் ஒரு வசந்த காலத்தில் கொண்டைக்கடலையின் வேகமான வகை வந்து இறங்கியது. சாம்பல் நிறம், அதே உருண்டை முகம்தான். ஆனால் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது, அகலச் சக்கரம், பின்னால் நான்கு புகைக்குழாய். முதல் தடவை கிளப்பியபோது எதிர் மதுக்கடையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் டெல்வீனா வந்தார். சதுக்கத்து மருந்துக்கடை அவருடையது, அதனால் ஊருக்கே டாக்டரம்மா. ஐம்பத்தெட்டு வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, அளந்து எடுத்த மாதிரிப் பேச்சு. தம்பியின் காரைக் கடன் வாங்கி இரண்டு வருஷமாக வாணலியில் ஓட்டிக்கொண்டிருந்தார். வாணலி என்பது ஆற்றோரத்துப் பழைய மணல் குவாரியில் போட்ட குட்டிப் பந்தயப் பாதை. ஒரு பக்கம் வளைவு வளைவாக உருண்டையாக இருக்கும், மறுபக்கம் கைப்பிடி போல ஒரே நேர்ப் பாதை. அதனால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். தம்பி காரை விற்றுவிட்டதால் டெல்வீனாவுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டியிருந்தது.

"ரெண்டே கேள்வி, நீவெஸ். தினமும் கடைக்குப் போய் வர இது சரிப்படுமா? ஞாயித்துக்கிழமை வாணலியில இறக்கினா என் மானம் போகாம இருக்குமா?"

"தினசரிக்கு ஆகும், டாக்டரம்மா. பூனை படுக்கிற இடம் இருந்தாப் போதும், நிறுத்திடலாம். ஆனா சதுக்கத்துக் கல்லு மேல போறப்போ ஒவ்வொரு கல்லையும் முதுகாலயே எண்ணலாம். பின்சீட்டு கைப்பைக்குத்தான், மனுஷங்களுக்கு இல்ல."

"சரி. ரெண்டாவது?"

நீவெஸ் குனிந்து அந்த நான்கு புகைக்குழாயையும் பார்த்தார். நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

"தெரியலையே" என்றார் நீவெஸ்.

ஃபுல்வியோ அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "என்ன தெரியல? டாக்டரம்மா, இது பந்தயத்துக்குன்னே பொறந்த வண்டி! விளம்பரத் தாள்லயே போட்டிருக்கு, பாருங்க."

"பொறந்ததெல்லாம் சரி, முதலாளி. வளந்ததைப் பத்தி அதுல ஒண்ணும் போடலையே" என்ற நீவெஸ், டெல்வீனா பக்கம் திரும்பினார். "பத்து நாள் குடுங்க. நானே ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

டெல்வீனா போனதும் ஃபுல்வியோ அறைக் கதவைச் சாத்தினார். சாத்தியும் பட்டறைவரை கேட்டது.

"தாயே, உனக்கு அம்பத்தி மூணு வயசு!"

"வண்டி வந்து மூணு நாள்தானே ஆகுது? ரெண்டு பேர் வயசையும் கூட்டிப் பாதியாக்குங்க. சின்னப் பொண்ணுதான்."

நீவெஸ் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது கணவர் செகோந்தோவின் பழைய வேன். செகோந்தோ தேனீ வளர்ப்பவர். ஆறடி மூன்று அங்குலம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்த வேன் தொண்ணூறைத் தாண்டினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், உள்ளே எப்போதும் மெழுகு வாசனை.

அந்த ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். டயர் காற்றைப் பார்க்க ஆள் வேண்டுமே. என் ஹெல்மெட்டைக் கொடுத்திருந்தேன். அது அவர் தலையில் கிணற்று வாளி மாதிரி ஆடியது. வாணலி வாசலில் நின்ற காவல்காரர் காரைக் குனிந்து பார்த்தார்.

"வேடிக்கை பாக்க வந்தவங்க வண்டியெல்லாம் இடது பக்கம் நிறுத்தணும்மா."

"ஓட்ட வந்தவங்க?"

"வலது பக்கம்."

"அப்போ நான் வலது பக்கம்" என்று சொல்லிவிட்டு நீவெஸ் உள்ளே போய்விட்டார்.

முதல் தடவை எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். இமோலாவிலிருந்து வந்திருந்த ஒரு பல் டாக்டர் தன் பெரிய நீலக் காரில் இரண்டு முறை தாண்டினார். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம்தான் பாதையைத் திறந்துவிடுவார்கள். அது முடிந்து நீவெஸ் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"பயமா இருந்துச்சுடா. ஆனா அது மொத்தமும் என் பயம். வண்டிக்குப் பயமே இல்ல. காத்தைப் பாரு, திரும்பப் போறேன்."

இரண்டாவது தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக்கைத் தாமதமாக மிதிக்க ஆரம்பித்தார். வளைவுக்குள் நுழையும்போது அந்தக் குட்டிக் கார் மூக்கைத் தரையில் புதைத்து, உள்பக்கத்துப் பின்சக்கரத்தை நாய் காலைத் தூக்குவது போலத் தூக்கியது. கம்பிவேலி ஓரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஐந்தாவது சுற்றில் சக்கரத்திலிருந்து புகை வந்தது. நான் கையை ஆட்டி உள்ளே வரச் சொன்னேன்.

"பிரேக் களைச்சுப் போச்சு. பத்து நிமிஷம் ஆறட்டும்."

"எனக்கும்தான்" என்று பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். பன்றித் தொடைக்கறி வைத்து மடித்த பியதீனா ரொட்டியைத் தின்றுகொண்டே, அது சுற்றியிருந்த காகிதத்தில் புருவப் பென்சிலால் ஏதோ எழுதினார்.

மூன்றாவது தடவைதான் என் உயிர் போய் வந்தது. உருண்டைப் பகுதியின் விளிம்பு வளைவில், நடுவில் போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். குட்டைக் கார் அல்லவா, பம்பரமாக ஒன்றரைச் சுற்று சுற்றிப் புல்வெளியில் போய் நின்றது. நான் ஓடினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரிப்பு.

"லோரிஸ், நான் எங்கடா இருக்கேன்?"

"புல்லுல இருக்கீங்க அக்கா."

"எந்தப் பக்கம் பாத்துகிட்டு?"

"வந்த பக்கம் பாத்துகிட்டு."

"நல்லது. வீட்டுக்குப் போற வழி மறக்கல."

முன்பக்க பம்பர் முழுக்கச் சிவப்புப் பாப்பிப் பூ செருகியிருந்தது. எடுக்க வேண்டாம் என்றார்.

கடைசித் தடவை பல் டாக்டரின் நீலக் காருக்குப் பின்னால் அகப்பட்டார். வளைவுகளில் அந்தப் பெரிய கார் திணறும், கொண்டைக்கடலை அதன் முதுகை முட்டிக்கொண்டு நிற்கும். நேர்ப் பாதை வந்ததும் நீலக் கார் பறந்துவிடும். அடுத்த வளைவில் மறுபடி முதுகில் இவர். நான்கு சுற்று இதே கதை. ஐந்தாவதில் டாக்டர் பொறுக்கமாட்டாமல் கையை வெளியே நீட்டி வழிவிட்டார். நீவெஸ் தாண்டினார். நேர்ப் பாதையில் டாக்டர் மறுபடி தாண்டினார். அதைப் பற்றி நீவெஸ் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஹார்னை அடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் வந்து கை கொடுத்தார். "நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்."

"எப்போ?"

"காலைல."

திங்கட்கிழமை அந்த எண்ணெய் படிந்த காகிதத்தைப் பார்த்து நீவெஸ் ஒரு வெள்ளைத் தாளில் சுத்தமாக எழுதி, கடைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டினார். சீட்டு உயரம், பந்தயத்தில் நாற்காலி மேல் உட்கார்ந்து ஓட்டுவது போலிருக்கும். பிரேக் ஐந்து சுற்றுக்குத்தான் தாங்கும், பிறகு ஓய்வு கொடுக்கவும். மேடுபள்ளத்தில் துள்ளும். நேர்ப் பாதையில் எல்லோரும் தாண்டுவார்கள். வளைவில் யாரும் தாண்ட முடியாது. நடுவில் காலை எடுக்காதீர்கள், நான் எடுத்தேன்.

ஃபுல்வியோ அதைப் படித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்க் காப்பி குடித்தார். திரும்பி வந்து மறுபடி படித்துவிட்டு இன்னொரு காப்பிக்குப் போனார்.

டெல்வீனா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"நீ சொல்லு நீவெஸ். என் இடத்துல இருந்தா வாங்குவியா?"

"வாணலிக்கு எதுக்குப் போறீங்க, டாக்டரம்மா?"

"நேரம் பாக்கத்தான். ஒவ்வொரு சுத்துக்கும் எத்தனை நொடின்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். போன வருஷத்தைவிட ரெண்டு நொடி குறைக்கணும்."

"அப்போ இது உங்களுக்கு வேண்டாம். ரெண்டு நொடி கூடும். எடை குறைவான ரெண்டு சீட்டு வண்டி, பழசா இருந்தாலும் பரவால்ல, அதுதான் உங்களுக்குச் சரி. ஃபயென்சாவுல ஒரு கடையில அப்படி ஒண்ணு நிக்குது. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

அறைக்குள் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

அதற்குப் பிறகு நான்கு நாள் ஃபுல்வியோ நீவெஸோடு பேசவில்லை. இரண்டு மேசைக்கும் நடுவே என்னை நிற்க வைத்தார். "லோரிஸ், அந்த அம்மாகிட்ட சொல்லு, ஃபயென்சாக்காரன் நன்றி சொல்லி ஒரு பெட்டி ஒயின் அனுப்பியிருக்கான்னு." நீவெஸ் உடனே, "லோரிஸ், முதலாளிகிட்ட சொல்லு, அதுல மூணு பாட்டில் அவருக்குன்னு." நான் நடுவில் நின்று தலையை இருபுறமும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையே நீவெஸிடம் ஒரு மாற்றம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் நின்ற அந்தச் சாம்பல் நிறக் காரில் போய் உட்கார்ந்துகொள்வார். எஞ்சினைக் கிளப்ப மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருப்பார். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நான் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன்.

"வாங்கிக்கோங்களேன் அக்கா."

"கேட்டுப் பாத்துட்டேன்டா."

"யார்கிட்ட?"

"என்கிட்டத்தான். எங்க வேன்ல சீட்டுக்கு அடியில தேன்சட்டம், மெழுகுக்கட்டி, அவரோட வலைத் தொப்பி. சனிக்கிழமை சந்தைக்கு எட்டுப் பெட்டி தேன் போகணும். இதுல ஒண்ணரைப் பெட்டிதான் போகும். செகோந்தோ முழங்காலை எங்க வைப்பார்? ஊரையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு எனக்கு நானே இதை வித்துக்கிட்டா நல்லாவா இருக்கு? இது எனக்கு வேண்டாம்."

சொன்ன குரலில் நிதானம் இருந்தது. கைதான் ஸ்டியரிங்கை விடவில்லை.

மறுநாள் மாலை நான் அவர்கள் வீட்டுக்குத் தேன் வாங்கப் போனேன். என் வீட்டில் தேன் இருந்தது, ஆனாலும் போனேன். தோட்டத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்ற செகோந்தோவிடம் புல்வெளியில் நடந்ததையும், நீவெஸ் சிரித்த சிரிப்பையும் சொன்னேன். அவர் ஒரு பாட்டில் தேனை எடுத்து என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை சந்தை முடிந்ததும் செகோந்தோ எங்கள் கடைக்குள் வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நேராக முற்றத்துக்குப் போய் அந்தக் காரின் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, முதுகை மடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வைத்து, ஒருவழியாக உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதருகே இருந்தன. நீவெஸ் மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"உக்காந்து பாக்குறேன்." ஏறியதைப் போலவே பகுதி பகுதியாக இறங்கினார். "இது எனக்கு வேண்டாம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"எனக்குத்தான் வேண்டாம்னேன். எனக்கு வேன் இருக்கு. தேனுக்கும் வேன் இருக்கு. இருவத்தேழு வருஷமா அதுலயே வந்துட்டிருக்கே, ஒரு நாளும் முகம் சுளிக்கல. உனக்குன்னு என்ன இருக்கு?"

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. நீவெஸ் பின்பக்கம் கார் கழுவும் இடத்துக்குப் போனார். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. செகோந்தோ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது ஃபுல்வியோ நீவெஸின் மேசையில், வாங்குகிறவர் உட்காரும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான்கு நாளாகப் பேசாத மனிதர், முதலாளி தோரணையை எல்லாம் விட்டுவிட்டு, புது வாடிக்கையாளரிடம் குனிவது போலக் குனிந்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க. என்ன நிறம் பாக்குறீங்க?"

"அந்தச் சாம்பல்தான்" என்றார் நீவெஸ். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. "அடியில புல்லு ஒட்டியிருக்கே, அந்த வண்டி."

"பூ தனி விலை" என்றார் ஃபுல்வியோ. மூவரும் சிரித்தார்கள். செகோந்தோ சிரித்ததையும் நான் அன்றுதான் பார்த்தேன், பற்கள் நன்றாக இருந்தன.

சன்னலில் ஒட்டிய தாளை யாரும் எடுக்கவில்லை. மதிய நேரத்தில் ஆட்கள் நின்று படிப்பார்கள். கோடை முடிவதற்குள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டே உள்ளே வந்து அந்த வகைக் காரை வாங்கினார்கள். ஒருவர் சொன்னார்: "வளைவுல யாரும் தாண்ட முடியாதுங்கறது உண்மைன்னா, மத்ததும் உண்மையாத்தான் இருக்கும். பரவால்ல, குடுங்க."

நீவெஸ் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வாணலிக்குப் போனார். டெல்வீனாவும் ஃபயென்சாவில் வாங்கிய பழைய இரண்டு சீட்டு வண்டியில் வருவார். இருவரும் டயர் அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நொடி எழுதுவார், மற்றவர் தின்பார். அக்டோபரில் குளிருக்குப் பாதையை மூடும் முன் கடைசி நாள் ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். பதினேழு கார். டெல்வீனாவுக்கு மூன்றாம் இடம், நினைத்த இரண்டு நொடிக்கு மேலேயே குறைத்திருந்தார். நீவெஸுக்குப் பதினான்காம் இடம். "எனக்குப் பின்னாடி மூணு பேரு!" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று ஃபுல்வியோவும் வந்திருந்தார். முப்பது வருஷம் வேகத்தைப் பற்றிப் பேசியே கார் விற்றவர், ஒரு பந்தயப் பாதையில் ஒரு சுற்றுகூடப் போனதில்லை என்று அப்போதுதான் வாயிலிருந்து வந்தது. நீவெஸ் விடவில்லை. டெல்வீனாவின் ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, தாடைக்கடியில் வாரை இறுக்கி, தன் காரில் பக்கத்துச் சீட்டில் ஏற்றிவிட்டார். ஃபுல்வியோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மூன்று சுற்று. வண்டி நின்றதும் ஃபுல்வியோ தானே கதவைத் திறந்து இறங்கி, நான்கு அடி நடந்து, புல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"முதலாளி, தண்ணி வேணுமா?" என்று நீவெஸ் ஓடி வந்தார்.

அவர் ஒரு விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னார். மூச்சு ஒரு நிலைக்கு வந்தது.

"அடுத்த தடவை எப்போ பாதையைத் திறக்குறாங்க?"

"பத்து நிமிஷத்துல."

"அப்போ இதைக் கழட்ட வேண்டாம்" என்றார் ஃபுல்வியோ. நான் நீட்டிய ரொட்டித் துண்டை வாங்கி, ஹெல்மெட்டின் தாடைப் பக்கத்து இடுக்கு வழியாக உள்ளே திணித்துக்கொண்டு, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல் மென்றார்.